திருச்சி விமான நிலையத்துக்கு நள்ளிரவு கார்: ஊரிலேயே பேசுவதா, ட்ராப் டாக்ஸியா?

ஓடம்போக்கிக் கரை

எல்லோருக்கும் வணக்கம். நான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். அப்பா அம்மா திருவாரூரில் இருக்கிறார்கள். அடுத்த மாதம் இருவரும் முதல்முறையாக இங்கே வருகிறார்கள். திருச்சியிலிருந்து இரவு 12.50-க்கு விமானம். அப்பாவுக்கு 70 தாண்டிவிட்டது, அம்மாவுக்கு முழங்கால் வலி. பஸ் ஏறி இறங்கி வரச் சொல்ல முடியாது, கார்தான்.

இங்கிருந்து விசாரித்ததில் மூன்று வழி தெரிகிறது. இணையத்தில் விளம்பரம் வரும் ட்ராப் டாக்ஸியில் ஒருவழிக் கட்டணம்: கிலோமீட்டருக்கு 14 ரூபாய், எவ்வளவு குறைந்த தூரமானாலும் 130 கி.மீ.க்குக் கணக்கு, டிரைவர் பேட்டா 400, டோல் தனி. கூட்டினால் 2,220 ரூபாயும் டோலும். ஊரில் ஒரு டிராவல்ஸில் போக வர எல்லாம் சேர்த்து 3,800 கேட்கிறார்கள். மூன்றாவது, அப்பாவின் நண்பருடைய மகன் தன் சொந்தக் காரில் கொண்டுபோய் விடுகிறேன், டீசல் போட்டு 1,500 கொடுத்தால் போதும் என்கிறார்.

பணம் எனக்குப் பெரிய விஷயம் இல்லை. நான் பக்கத்தில் இல்லை என்பதுதான் கவலை. எதைத் தேர்ந்தெடுப்பது, எத்தனை மணிக்குக் கிளம்பச் சொல்வது, எத்தனை நாள் முன்னால் சொல்லி வைப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மடத்துத்தெரு வாசி

கார் எது என்பதற்கு முன்னால் தேதியைச் சரிபாருங்கள். 15-ஆம் தேதி 12.50 விமானம் என்றால் வீட்டிலிருந்து கிளம்புவது 14-ஆம் தேதி சாயங்காலம். டிக்கெட்டில் 15 என்று போட்டிருப்பதைப் பார்த்து டிராவல்ஸ்காரரிடமும் "15 ராத்திரி" என்று சொல்லிவிடுகிறார்கள். கும்பகோணத்தில் எங்கள் தெருவிலேயே ஒரு குடும்பம் இப்படி ஒரு நாள் தாமதமாகக் கிளம்பத் தயாராகி டிக்கெட்டை இழந்தது. காரை பேசும்போது "14 திங்கள் சாயங்காலம் 6 மணிக்கு வீட்டு வாசலில்" என்று கிழமையோடு சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் எழுத்திலும் அனுப்புங்கள். விமான நேரத்தை மட்டும் சொல்லி விட்டுவிடாதீர்கள்.

நேரக் கணக்கு: திருவாரூரிலிருந்து திருச்சி விமான நிலையம் 115 கி.மீ. சுற்றி இருக்கும். தஞ்சாவூர் வரை இருவழிச் சாலை, பெரிய வேகம் எடுக்க முடியாது. தஞ்சாவூர் தாண்டினால் நாலுவழி. ஆனால் துவாக்குடியிலிருந்து பால்பண்ணை வரை சாயங்கால நெரிசல், அப்புறம் டி.வி.எஸ். டோல்கேட். மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கவுன்டர் ஒரு மணி நேரம் முன்னால் மூடிவிடும், முதல்முறை போகிறவர்கள் மூன்று மணி நேரம் முன்னால் போய்ச் சேர்வது நல்லது. ஆக 6.50-க்குள் கிளம்பியாக வேண்டும், 6 மணி என்று வைத்தால் கொஞ்சம் நேரம் கைவசம் இருக்கும். வழியில் சாப்பாட்டுக்கு நிறுத்தினால் அதற்கு அரை மணி தனி.

மன்னை சாரதி

வணக்கம் தம்பி. மன்னார்குடிப் பக்கம் சொந்தமாக மஞ்சள் போர்டு வண்டி ஓட்டுகிறேன். ட்ராப் டாக்ஸி டூட்டியும் எடுப்பேன், உள்ளூர் டிராவல்ஸ் டூட்டியும் எடுப்பேன். இரண்டிலும் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ட்ராப் டாக்ஸியில் நீங்கள் பதிவு செய்ததும் கார் ஒன்று உங்களுக்காக ஒதுக்கப்பட்டுவிட்டதாக நினைக்கிறீர்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. ஆபீஸில் இருப்பவர் அந்த டூட்டியை டிரைவர்கள் குரூப்பில் போடுவார். அந்த நேரத்தில் வேளாங்கண்ணியிலோ நாகூரிலோ காரைக்காலிலோ ஆளை இறக்கிவிட்டு, திரும்பிப் போக சவாரி தேடிக்கொண்டு நிற்கிற டிரைவர் அதை எடுப்பார். காலியாகத் திரும்புவதற்குப் பதில் இது கிடைக்கிறது என்பதால்தான் அவரால் ஒருவழிக் கட்டணத்துக்கு வர முடிகிறது. கமிஷன் போக மிச்சம் அவருக்கு. இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, தொழில் அப்படி.

ஆனால் அதனால் வருகிற சிக்கலைப் பாருங்கள். டிரைவர் பெயரும் வண்டி எண்ணும் கிளம்புவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால்தான் வரும். அன்றைக்கு அந்தப் பக்கம் வண்டி இல்லை என்றால் யாரும் டூட்டி எடுக்க மாட்டார்கள். 4 மணிக்கு "வண்டி அரேஞ்ச் ஆகவில்லை சார்" என்று போன் வரும். எடுத்த டிரைவருக்கே நடுவில் சென்னை டூட்டி கிடைத்தால் உங்களுடையதை விட்டுவிடவும் கூடும். சென்னையிலோ கோவையிலோ இருந்தால் அடுத்த பத்து நிமிடத்தில் வேறு வண்டி பிடிக்கலாம். திருவாரூரில் சாயங்காலம் 5 மணிக்கு, ஒரு முகூர்த்த நாளில், எங்கே பிடிப்பது?

இன்னொன்று அதைவிட முக்கியம். அந்த டிரைவர் காலையில் எங்கிருந்து கிளம்பினார்? விடியற்காலை மதுரையில் வண்டி எடுத்து வேளாங்கண்ணி வந்தவராகக்கூட இருக்கலாம். அவர்தான் உங்கள் அப்பா அம்மாவை ஏற்றிக்கொண்டு ராத்திரி ஓட்டப்போகிறார். 14 ரூபாயா 13 ரூபாயா என்று எல்லோரும் கேட்கிறார்கள். "கடைசியாக எப்போது தூங்கினீர்கள்" என்று கேட்கிறவர்கள் ரொம்பக் குறைவு. கேளுங்கள். நல்ல டிரைவர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

என் யோசனை, வயதானவர்கள் தனியாகப் போகிறார்கள் என்றால் போக வரப் பேசி ஊர் வண்டியிலேயே அனுப்புங்கள். காரணம் வண்டி இறக்கிவிட்ட பிறகுதான் தெரியும். எடை கூடிவிட்டது என்று கவுன்டரில் சொன்னால் மாவு, ஊறுகாய், வடகம் எல்லாவற்றையும் அங்கேயே எடுத்து வெளியே வைக்க வேண்டிவரும். விசா தாளில் ஏதோ ஒன்று சரியில்லை என்று திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார்கள். போக வரப் பேசிய வண்டி என்றால், அவர்கள் இமிகிரேஷன் தாண்டிவிட்டோம் என்று போன் செய்யும் வரை டிரைவர் அங்கேயே இருப்பார், எடுத்து வைத்த சாமானையும் வீட்டில் சேர்ப்பார். ஒருவழி வண்டி இறக்கிவிட்ட ஐந்தாவது நிமிடம் அடுத்த சவாரிக்குப் போயிருக்கும். நீங்கள் கூடுதலாகக் கொடுக்கிற பணம் அந்தக் காத்திருப்புக்குத்தான்.

மலைக்கோட்டை நிழல்

சாரதி அண்ணன் சொல்வதில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன், மீதியை ஏற்க முடியவில்லை.

எனக்கு ஊர் திருச்சி. பெங்களூருக்கு அடிக்கடி போய் வருகிறேன். இறங்கியதும் தஞ்சாவூரோ புதுக்கோட்டையோ போக ஒருவழி டாக்ஸிதான் எடுக்கிறேன். ஒரு பை, ஒரு ஆள். எனக்காக ஒரு வண்டி காலியாக வந்து, காத்திருந்து, போக வரக் கட்டணம் வாங்குவதில் எந்த நியாயமும் இல்லை. ஒருவழிக் கட்டணம் வருவதற்கு முன்னால் இந்த ஊர்களில் டிராவல்ஸ்காரர்கள் வைத்ததுதான் விலை என்பதை மறக்கக்கூடாது.

தூக்க விஷயத்தில் ஊர் டிராவல்ஸும் ஒன்றும் சளைத்தவை அல்ல. முகூர்த்த நாளில் காலை மண்டபத்துக்கு மூன்று நடை, மதியம் மறுவீட்டுக்கு ஒரு நடை, அதே டிரைவரை சாயங்காலம் ஏர்போர்ட் டூட்டிக்கு ஏற்றிவிடுகிற முதலாளிகளை நான் பார்த்திருக்கிறேன். கும்பகோணத்திலிருந்து வந்த என் மாமா, டிரைவர் கண் அயர்வதைப் பார்த்துத் துவாக்குடியில் வண்டியை நிறுத்தச் சொல்லி, முகம் கழுவ வைத்து, மீதி வழி முழுவதும் பேசிக்கொண்டே வந்தார். அது தெரிந்த டிராவல்ஸ் வண்டிதான்.

மன்னை சாரதி

மலைக்கோட்டை தம்பி சொல்வது உண்மை, மறுக்கவில்லை. முதலாளி சம்பளத்துக்கு ஓட்டுகிற பையன்கள் டூட்டியை வேண்டாம் என்று சொல்ல முடியாது. அதனால்தான் சொல்கிறேன், டிராவல்ஸ் பெயரைப் பார்த்துப் பேசாதீர்கள், டிரைவரைப் பார்த்துப் பேசுங்கள். "அன்றைக்கு யார் வருவார், பகலில் அவருக்கு வேறு டூட்டி போடாதீர்கள், மதியம் வீட்டில் தூங்கிவிட்டு வரட்டும், அதற்கு 300, 400 சேர்த்துத் தருகிறேன்" என்று முதலாளியிடம் நேரடியாகச் சொல்லுங்கள். அப்படிக் கேட்டால் ஒத்துக்கொள்வார்கள். கேட்காததால்தான் நடப்பதில்லை. உங்களைப் போல ஒற்றைப் பையோடு போகிறவருக்கு ஒருவழி வண்டி போதும், அதிலும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

பாலிசி படிக்கிறவன்

அந்த மூன்றாவது வழியைப் பற்றி யாரும் பேசவில்லையே! காப்பீட்டுத் துறையில் இருக்கிறேன், இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

வெள்ளை நம்பர் பிளேட்டில் கறுப்பு எழுத்து என்றால் சொந்த உபயோக வண்டி. மஞ்சள் பிளேட்டில் கறுப்பு எழுத்து என்றால் வாடகை வண்டி. மின்சாரக் கார் என்றால் இரண்டும் பச்சைப் பிளேட்தான், வாடகை வண்டிக்கு மஞ்சள் எழுத்து, சொந்த வண்டிக்கு வெள்ளை எழுத்து. சொந்த வண்டியில் பணம் வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 66-ஆம் பிரிவுப்படி பெர்மிட் இல்லாமல் ஓட்டுவதாகும். 192ஏ பிரிவில் முதல்முறைக்கே 10,000 ரூபாய் அபராதம், சிறைத் தண்டனைக்கும் இடம் உண்டு. அதுகூடப் பரவாயில்லை. சொந்தக் கார் பாலிசியில் "வாடகைக்கு விட்டால் பொருந்தாது" என்கிற நிபந்தனை இருக்கும். விபத்து என்று ஒன்று நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் பிடிப்பது அந்த வரியைத்தான். அடிபட்டவர் குடும்பம் இழப்பீட்டுக்கு வருடக்கணக்கில் நீதிமன்றம் ஏற வேண்டியிருக்கும், கார் கொடுத்த பையனும் சொத்தை இழக்கும் நிலைக்கு வருவான்.

நண்பர் மகன் நண்பராகவே, காசு வாங்காமல் கொண்டுபோய் விட்டால் அது வேறு விஷயம். 1,500 என்று பேசிவிட்டால் அது வாடகை. நல்ல மனதோடு செய்கிற உதவி அந்தப் பையனுக்கே ஆபத்தாக முடியக்கூடாது.

வாடகை வண்டியின் எண் கிடைத்ததும் எம்பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள். வண்டி எந்த வகையில் பதிவாகியிருக்கிறது, எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) எது வரை, இன்ஷூரன்ஸ் எது வரை என்று காட்டும். இரண்டு நிமிட வேலை, சிங்கப்பூரில் இருந்துகொண்டே செய்யலாம். எஃப்சி முடிந்த வண்டியா, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஓடம்போக்கிக் கரை

மிக்க நன்றி. நண்பர் மகன் காரை விட்டுவிடுகிறோம், அவரிடம் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். சாமான் பற்றி ஒரு கேள்வி. ஆளுக்கு 30 கிலோ, கையில் 7 கிலோ. பெரிய பெட்டி நான்காவது வரும். டிசைர் போன்ற வண்டி போதுமா?

மன்னை சாரதி

போதாது, அதுவும் சிஎன்ஜி வண்டி என்றால் போதவே போதாது. இப்போது வாடகைக்கு ஓடுகிற சின்ன கார்களில் நிறைய சிஎன்ஜிதான். டிக்கியில் பாதியை சிலிண்டர் எடுத்துக்கொள்ளும். இரண்டு பெட்டி உள்ளே, மிச்சம் இரண்டு பின் சீட்டில், அம்மா காலை நீட்ட முடியாமல் மூன்று மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும். கேரியர் இருக்கிறதா என்று கேளுங்கள், இருந்தால் தார்ப்பாயும் கயிறும் இருக்கிறதா என்று அதையும் கேளுங்கள். ஐப்பசி கார்த்திகையில் கேரியர் வேண்டாம், பெட்டி நனையும்.

எர்டிகா எடுங்கள். ஏழு சீட் என்று சொன்னாலும் கடைசி வரிசை சீட்டை மடக்கினால்தான் பெட்டி வைக்க இடம். இரண்டு பேருக்கு அது தாராளம். வழியனுப்ப இன்னும் நாலு பேர் வருவதென்றால் இன்னோவா, அதிலும் கேரியரோடு. ஏறும் உயரம் மட்டும் பாருங்கள், முழங்கால் வலிக்காரர்களுக்கு இன்னோவா கொஞ்சம் உயரம். ஒரு சின்ன முக்காலி கொண்டுவரச் சொன்னால் டிரைவர் கொண்டுவருவார்.

செட்டிநாட்டுக்காரி

பெண்கள் தனியாக வரும்போது என்ன செய்கிறோம் என்று நானும் சொல்கிறேன். நான் காரைக்குடி, துபாயிலிருந்து வருகிறேன். எனக்குத் திருச்சியும் மதுரையும் கிட்டத்தட்ட ஒரே தூரம், எந்த விமானம் நல்ல நேரத்தில் இறங்குகிறதோ அதைப் பார்த்துத்தான் டிக்கெட்டே போடுவேன். விடியற்காலை 4 மணிக்கு மேல் இறங்கினால் நிம்மதி. இரவு 1 மணிக்கு இறங்கினால் வீட்டிலிருந்து ஒருவர் வண்டியோடு வர வேண்டும் என்று வைத்திருக்கிறோம். அதற்கு வண்டியை ஊரிலிருந்தே பேச வேண்டும், ஒருவழி டாக்ஸியில் அது நடக்காது.

யாரும் வர முடியாத நாளில் வண்டி எண், டிரைவர் எண் இரண்டையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வாட்ஸ்அப்பில் நேரலை இருப்பிடத்தைப் பகிர்வேன். எட்டு மணி நேரம் வரை பகிரலாம், காரைக்குடி போய்ச் சேர அது தாராளம். ஏறியதும் டிரைவர் காதில் விழும்படி அண்ணனுக்குப் போன் செய்து "ஏறிவிட்டேன், இந்த நம்பர் வண்டி, இன்னார் ஓட்டுகிறார்" என்று சொல்வேன். நல்ல டிரைவர்கள் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதே இல்லை. அவர்களுக்கும் வீட்டில் பெண்கள் இருக்கிறார்கள்.

வெளியே வரும்போது போன் வேலை செய்யாது என்பதை மறக்கிறார்கள். வெளிநாட்டு சிம், ரோமிங் இல்லை. வைஃபைக்கு ஓடிபி கேட்கும். அதனால் டிரைவர் புகைப்படம், வண்டி எண், எந்தத் தூண் பக்கம் நிற்பார் என்பதை விமானம் ஏறும் முன்பே வாங்கிச் சேமித்துவிடுங்கள். பெயர் எழுதிய அட்டையோடு நிற்கச் சொல்லுங்கள், தமிழில் பெரிய எழுத்தில். அம்மா அப்பா திரும்பி வரும்போது அது ரொம்ப உதவும்.

நாஞ்சில் மழை

கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. எங்களுக்குப் பக்கத்து விமான நிலையம் திருவனந்தபுரம்தான், நாகர்கோவிலிலிருந்து 70 கி.மீ.க்குள். தூரம் குறைவு என்று நம்பி நேரத்தைக் குறைத்துவிடாதீர்கள். களியக்காவிளை தாண்டி நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் கடப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். தமிழ்நாட்டு வண்டி கேரளாவுக்குள் போக பெர்மிட், வரி விஷயம் உண்டு. வாடகைப் பேச்சிலேயே அது சேர்ந்ததா தனியா என்று கேட்டுவிடுங்கள், எல்லையில் நின்று பேசக்கூடாது.

அங்கே இரண்டு முனையங்களும் ஓடுதளத்தின் இரண்டு பக்கம் இருக்கின்றன. ஒன்று சங்குமுகம் கடற்கரைப் பக்கம், இன்னொன்று சாக்கைப் பக்கம். தப்பான பக்கம் போய் இறங்கினால் மறுபடி வண்டி ஏறிச் சுற்றித்தான் வர வேண்டும். உங்கள் டிக்கெட்டில் எந்த டெர்மினல் என்று இருக்கிறதோ அதைப் பார்த்து டிரைவரிடம் சொல்லுங்கள்.

குன்னூர் ரயிலடி

கோவையில் இறங்கி ஊட்டி வருகிறவர்கள் கவனத்துக்கு. 2024 மே 7 முதல், உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வருகிற வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். டாக்ஸிக்கும் சேர்த்துத்தான். நீலகிரியில் பதிவான டிஎன்-43 வண்டிக்கு வேண்டாம்.

சாரதி அண்ணன் சொன்னாரே, வண்டி எண் கடைசி நேரத்தில்தான் வரும் என்று, அது இங்கே நேரடியாகக் கழுத்தைப் பிடிக்கிறது. இ-பாஸ் எடுக்க வண்டி எண் வேண்டும். ஒரு நாள் முன்னாலேயே எண்ணைச் சொல்லும் ஆளிடம் பேசுங்கள், இல்லாவிட்டால் ஊட்டி, குன்னூர் வண்டியையே கீழே வரவழையுங்கள். மலை டிரைவருக்கு வளைவும் பனிமூட்டமும் பழக்கம், கோடைக் கூட்டத்தில் ஏற ஒரு வழி, இறங்க ஒரு வழி என்று மாற்றிவிடும்போது அவருக்கு அது முன்கூட்டியே தெரியும். வாடகை கொஞ்சம் கூடத்தான் கேட்பார், கொடுக்கலாம்.

ஓடம்போக்கிக் கரை

இவ்வளவு விஷயம் இருக்கிறதா! ஊர் டிராவல்ஸில் எர்டிகா, போக வர என்று முடிவு செய்துவிட்டோம். டிரைவர் மதியம் ஓய்வெடுக்க 400 சேர்த்துத் தருவதாகவும் சொல்லிவிட்டேன். முதலாளி உடனே சரி என்றார். கடைசியாக ஒன்று. அம்மாவுக்கு சக்கர நாற்காலி கேட்டிருக்கிறேன். வாசலில் இறக்கியதும் அதை யார் கொண்டுவருவார்கள்? டிக்கெட் இல்லாதவர்கள் உள்ளே போக முடியாதே?

மன்னை சாரதி

உள்ளே போக முடியாது தம்பி, வாசலில் சிஐஎஸ்எஃப் வீரர் பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் பார்த்துத்தான் விடுவார். நாற்காலி விமான நிறுவனத்துடையது, அவர்கள் ஆள்தான் தள்ளிக்கொண்டு வருவார். 48 மணி நேரம் முன்னாலேயே பதிவு செய்துவிட்டீர்களா என்று பாருங்கள்.

டிரைவரிடம் இப்படிச் சொல்லுங்கள். புறப்பாட்டு வாசலில் அப்பா அம்மாவையும் பெட்டிகளையும் இறக்கி, அம்மாவை உட்கார இடம் பார்த்து வைத்துவிட்டு, வண்டியைப் பார்க்கிங்கில் போட்டுவிட்டுத் திரும்பி வரட்டும். வாசலில் வண்டியை நிறுத்தியபடியே உதவி செய்ய முடியாது, போலீஸ் விரட்டுவார்கள், நேரம் தாண்டினால் கட்டணமும் விழும். அவர் வருவதற்குள் அப்பா டிராலி எடுத்துவிடலாம். அப்புறம் டிரைவர் டிக்கெட்டை வாசல் வீரரிடம் காட்டி நாற்காலி பதிவு செய்திருப்பதைச் சொன்னால், உள்ளேயிருந்து ஆளைக் கூப்பிட வழி செய்வார்கள். நாற்காலி வந்து அம்மா உட்காரும் வரை அவர் அங்கே நிற்க வேண்டும். பார்க்கிங் கட்டணம் உங்களுடையது என்று முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தக் காசை மிச்சம் பிடிக்க வாசலிலேயே விட்டுவிட்டுக் கிளம்பப் பார்ப்பார்.

இன்னொரு விஷயம், புதிய முனையம் 2024 ஜூனில்தான் பயன்பாட்டுக்கு வந்தது. ரொம்ப நாளாக ஏர்போர்ட் பக்கம் போகாத டிரைவர் பழைய கட்டடத்துக்கு வண்டியை விடுவார். சமீபத்தில் போனவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.